களைக் கோரையும் உணவுக் கோரையும்

பல்லடம், அவிநாசி, காங்கேயம் வட்டாரங்களில் கோரையை அறியாத உழவர் இலர். கொத்தி எறிந்த சில நாட்களிலேயே மீண்டும் தலைதூக்கும் களை அது. ஆயினும் அதன் உறவான ஒரு செடி அயல்நாடுகளில் உணவுப் பயிராக விளங்குகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

கோரை புல்லன்று, முக்கோணத் தண்டுடைய சைப்பரேசி என்னும் தனிக் குடும்பம். பாய்க் கோரையும் இக்குடும்பத்ததே. நம் வயற்களை சைப்பரஸ் ரொட்டண்டஸ். உண்ணும் வகை சைப்பரஸ் எஸ்குலெண்டஸ். இப்பெயர்களை 1753-இல் லின்னேயஸ் இட்டார். உணவுக் கோரையை வணிகர் 'புலிக்கொட்டை' என்பர். எனினும் அது கொட்டையன்று, கிழங்கே.

களைக் கோரையின் கிழங்குகள் மணிமாலைபோல் தொடர்ந்திருக்கும். மணமும் கசப்பும் உடையவை. பூங்கதிர் செம்பழுப்பு நிறம். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கோரைக்கிழங்கு இதுவே; இது மருந்து, உணவன்று. உணவுக் கோரையின் கிழங்கோ கொடியின் நுனியில் ஒவ்வொன்றாகத் தோன்றும், இனிக்கும், பூங்கதிர் மஞ்சள் சாயல் உடையது.

உணவுக் கோரைக் கிழங்கில் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுதி. எண்ணெய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை உண்டு. புரதம் குறைவாதலின் பயறுக்கு ஈடாகாது. ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் இதனை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துப் பருகுவர்.

உணவுக் கோரையும் களையாகப் பரவவல்லது. மண்ணில் தங்கிய சிறு கிழங்கும் முளைக்கும். எனவே வேளாண்மை அலுவலரைக் கலவாமல் நடலாகாது. நொய்யல் கரையில் சாயக்கழிவு பாய்ந்த மண்ணில் தோண்டிய கிழங்கு எதனையும் உண்ணலாகாது. இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பது ஊராட்சி உறுப்பினர் கடமையாகும்.