துக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு யார் துணை?

துக்கம் விசாரிப்பது நம் மக்களுக்குப் பழகிய வழக்கம். ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். இன்று கணவனைப் பறிகொடுத்தவளின் தோளில், பத்து வருடங்களுக்கு முன் கணவனைப் பறிகொடுத்தவளின் கை இருக்கும். "எனக்கும் இது நேர்ந்தது, நான் இன்னும் இருக்கிறேன்" என்று அந்தக் கை வாய் திறக்காமலே சொல்லிவிடும். ஒரே இழப்பைப் பட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாவது என்று உளவியலார் இன்று விளக்குவது இதைத்தான்.

அந்த வட்டத்தில் குழந்தைக்கு இடம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். "பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போங்க" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். ஆனாலும் ஊரில் தாத்தா பாட்டி இருந்தார்கள், தாய்மாமன் இருந்தார், அத்தை பிள்ளைகள் இருந்தார்கள். நாக்பூரில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் வளரும் நம் குழந்தைக்கு அம்மாவும் அப்பாவும்தான் உண்டு. அவர்களில் ஒருவர் போய்விட்டால், மற்றவரும் உடைந்துபோயிருக்கும்போது, அந்தக் குழந்தை யாரிடம் போகும்? சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் பல ஆண்டுகள் பாடம் சொல்லித் தருபவள் என்ற முறையில் இதைப் பற்றித் தேடிப் படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

டகி என்ற சிறுவன்

அமெரிக்காவில் டகி டர்னோ என்ற சிறுவனுக்கு மூளையில் கட்டி. மரணத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மருத்துவர் எலிசபெத் கூப்லர் ராஸுக்கு அவன் ஒரு கடிதம் எழுதினான். வாழ்வு என்றால் என்ன, சாவு என்றால் என்ன, சின்னப் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும் என்பவை அவன் கேள்விகள். அவர் வண்ணப் பேனாக்களால் படம் போட்டுப் பதில் எழுதி அனுப்பினார். பிறகு டகி சிகிச்சைக்காக ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகருக்கு வந்தபோது, பெவர்லி சாப்பல் என்ற செவிலியர் அவனைப் போய்ப் பார்த்து வந்தார். டகியும் அதே மருத்துவமனையில் இருந்த மற்றப் பிள்ளைகளும் பெரியவர்களிடம் சொல்லாததைத் தங்களுக்குள் பேசிக்கொள்வதையும், அதில் தைரியம் பெறுவதையும் அவர் கவனித்தார்.

டகி 1981 இல் இறந்தான். மறு ஆண்டு, 1982 இல், பெவர்லி தம் வீட்டிலேயே துக்கத்தில் இருந்த சில சிறுவர்களைக் கூட்டி உட்காரவைத்தார். அதுவே 'டகி சென்டர்' ஆனது. அதைப் பின்பற்றி இன்று பல நாடுகளில் நூற்றுக்கணக்கான மையங்கள் நடக்கின்றன.

அங்கே நடப்பது எளிமையானது. வயதுவாரியாகக் குழுக்கள் உண்டு. தாய் தந்தையை இழந்தவர்கள், உடன்பிறந்தவரை இழந்தவர்கள் என்றும், நோயால், விபத்தால், தற்கொலையால் என்றும் பிரித்து உட்காரவைப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சந்திப்பு. முதலில் வட்டமாக உட்கார்ந்து தம் பெயரையும் யார் இறந்தார் என்பதையும் சொல்வார்கள். சொல்ல விருப்பம் இல்லையென்றால் 'பாஸ்' என்று சொன்னால் போதும். பிறகு விளையாட்டு, படம் வரைதல், களிமண். கோபம் வந்தால் கத்தவும் மெத்தையைக் குத்தவும் ஒரு தனி அறை. பயிற்சி பெற்ற தொண்டர்கள் கூட இருப்பார்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரத்தில் அவர்களை வளர்க்கும் பெரியவர்கள் பக்கத்து அறையில் தமக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கோபேயின் வானவில்

ஜப்பானில் 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கல்வி உதவி செய்துவந்த 'அஷினகா' என்ற அமைப்பின் தொண்டர்கள் வீடு வீடாக, முகாம் முகாமாகத் தேடிப்போய்ப் பெற்றோரை இழந்த 573 குழந்தைகளைக் கண்டறிந்தனர். அவர்களில் ஒரு சிறுவன் வானவில் படம் வரைந்தான். அந்த வானவில் கறுப்பாக இருந்தது. பணம் மட்டும் கொடுத்தால் போதாது என்பதை அந்தப் படம் அவர்களுக்கு உணர்த்தியது. டகி சென்டரின் முறையைக் கற்று, 1999 இல் கோபேயில் 'வானவில் இல்லம்' கட்டினார்கள். 2011 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு ஜப்பானிலும் அதுபோன்ற இல்லங்களை எழுப்பினார்கள். அமெரிக்காவில் பிறந்த ஒரு முறை, உணர்ச்சியை வெளிக்காட்டத் தயங்கும் ஜப்பானியருக்கும் பொருந்தியது என்றால் நமக்குப் பொருந்தாமல் போகாது.

குழந்தையின் துக்கம் எப்படிப்பட்டது?

பெரியவரின் துக்கம் ஆறு போல ஓடுகிறது. குழந்தையின் துக்கம் மழை விட்டுவிட்டுப் பெய்வது போன்றது. பத்து நிமிடம் அழும். அடுத்த நிமிடம் கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடும். "இதுக்கு ஒண்ணும் புரியலை" என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். புரியாததால் அது ஓடவில்லை. அவ்வளவு பெரிய சுமையை ஒரே மூச்சில் தூக்க முடியாததால் இறக்கிவைத்துவிட்டு ஓடுகிறது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சாவு என்பது திரும்பி வரக்கூடிய பயணம். போனவர் திரும்பமாட்டார், அவருக்கு இனிப் பசியோ வலியோ இல்லை, இது எல்லோருக்கும் உள்ளது என்ற மூன்றும் ஏறத்தாழ ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெளிவாகின்றன. நாம் சொல்லும் சமாதானங்கள் இந்தத் தெளிவைக் குழப்பிவிடுகின்றன. "தூங்குறாங்க" என்று சொன்னால் குழந்தை தூங்கவே பயப்படும். "நல்லவங்களைச் சாமி கூப்பிட்டுக்கும்" என்றால் நல்ல பிள்ளையாக இருக்கவே பயப்படும்.

நம்மைப் போன்ற வெளியூர்க் குடும்பங்களில் இதைவிடச் சிக்கலான ஒரு பொய் உண்டு. அது "அப்பா ஊருக்குப் போயிருக்காங்க" என்பது. என் வகுப்பில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஏப்ரல் மாதத்தில் மிகுந்த உற்சாகத்துடன், "லீவு விட்டதும் ரயில்ல ஊருக்குப் போறோம் டீச்சர், அங்க அப்பாவைப் பார்ப்பேன்" என்றான். அவன் தந்தை இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சொந்த ஊர் என்பது நம் பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்கினால் போய்விடக்கூடிய இடம். அந்தத் தாயிடம் தனியாகப் பேசினேன். விடுமுறைக்கு முன்பே அவர் மகனை மடியில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். அவன் அழுதான், அதன் பிறகு கேட்ட முதல் கேள்வி, "நான் சண்டை போட்டதாலயா?" என்பதுதான். ஐந்து மாதம் அந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. "இல்லடா கண்ணா, அப்பாவோட இதயம் வேலை செய்யாம நின்னுபோச்சு, யாரும் செஞ்சதில்ல" என்று தாய் சொல்ல முடிந்தது.

அமெரிக்காவில் வில்லியம் வோர்டன், ஃபிலிஸ் சில்வர்மன் ஆகியோர் தாய் அல்லது தந்தையை இழந்த 70 குடும்பங்களின் 125 பள்ளிப் பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாளடைவில் தேறினார்கள். எஞ்சியிருக்கும் தாயோ தந்தையோ எவ்வளவு நிலையாக இருக்கிறார் என்பதே பிள்ளையின் நிலையைப் பெரிதும் தீர்மானித்தது. இன்னொன்றும் தெரியவந்தது. சில பிள்ளைகளிடம் சிரமம் முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டில்தான் அதிகமாக வெளிப்பட்டது. அதாவது, நாமெல்லோரும் விசாரித்து முடித்து மறந்துபோன பிறகு.

நம் வழக்கமும் நம் சங்கமும்

இங்கே ஒன்றைத் தயக்கத்துடன்தான் சொல்கிறேன். சாவு நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை, விசேஷங்களுக்குப் போவதில்லை என்பது நம்மில் பலரின் வழக்கம். ஊரில் இதனால் பெரிய இழப்பு இல்லை. விசேஷத்துக்குப் போகாவிட்டாலும் உறவு வாசலில்தான் இருக்கும். இங்கோ நமக்கு உறவு என்பதே சங்கத்தின் பொங்கல் விழாவும் புத்தாண்டு விழாவும் ஞாயிறு வகுப்பும்தான். எந்த வருடத்தில் அந்தக் குடும்பத்துக்கு நாம் அதிகம் தேவையோ, அந்த வருடத்தில்தான் அது நம் கண்ணிலிருந்து மறைகிறது. மறு வருடம் வரும்போதும் அந்தத் தாய் பின் வரிசையில் உட்காருகிறார். பிள்ளை அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

வழக்கத்தை மாற்றச் சொல்ல நான் வரவில்லை. துக்கம் விசாரிக்க உட்காரும் வட்டம் விசேஷம் அல்ல. அதற்கு வர எந்தத் தடையும் இல்லை. அதை நாமே அமைத்துக் கொடுக்கலாம்.

எப்படி நடத்துவது?

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் போதும். சங்கக் கட்டடத்தில் இரண்டு அறைகள் வேண்டும். ஒன்று பிள்ளைகளுக்கு, ஒன்று பெரியவர்களுக்கு. மூன்று குடும்பங்கள் வந்தாலும் தொடங்கலாம். ஐந்தாறு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். ஒருவர் மட்டும் தனியே இருக்கக் கூடாது. வண்ணப் பென்சில், களிமண், கிழித்துப்போடப் பழைய செய்தித்தாள், குத்துவதற்கு இரண்டு தலையணை ஆகியவையே சாமான்கள்.

கூட இருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில:

1. அறிவுரை வேண்டாம். "நீதான் இனி வீட்டுக்கு ஆம்பளை, அழக் கூடாது" என்ற சொல் கூடவே கூடாது. குழந்தை சொன்னதையே திருப்பிச் சொன்னால் போதும். "அம்மா மேல கோபமா இருக்கு" என்றால், "கோபமா இருக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

2. "இறந்துபோய்ட்டாங்க" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். தற்கொலையாக இருந்தாலும் குழந்தையின் வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லும்படி வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். மறைத்ததை வேறொருவர் வாயிலிருந்து அது கேட்பது இன்னும் கொடுமை.

3. தமிழைத் திருத்த வேண்டாம். நம் பிள்ளைகள் இந்தியிலும் மராத்தியிலும் கலந்து பேசுவார்கள். தாய் தமிழில் அழுவாள். பிள்ளைக்கு இந்தியில்தான் சொல் கிடைக்கும். அந்த வட்டத்தில் எந்த மொழியும் சரியே.

4. உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது. ஆபத்து என்று தோன்றினால் மட்டும் பெற்றவரிடம் சொல்ல வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

5. இறந்தவரின் பிறந்த நாளையும் திதியையும் குறித்துவைத்து, அந்த நாளில் ஒரு போன் செய்யுங்கள். இரண்டாம் ஆண்டிலும் செய்யுங்கள்.

இந்த வட்டம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. மாதக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ சரியாக இல்லாமலிருந்தாலும், பள்ளிக்கே போக மறுத்தாலும், "நானும் அப்பாகிட்டப் போறேன்" என்று சொன்னாலும் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஒரு குழந்தைக்கு இந்த வட்டம் தரக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளி வகுப்பில் நாற்பது பேரில் அப்பா இல்லாத ஒரே பிள்ளை அது. இங்கே வந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் அப்பா இல்லை. அவனும் சிரிக்கிறான், அவனும் ஐந்தாம் வகுப்பு தேறிவிட்டான். இதை எந்தப் பெரியவரும் சொல்லிக் கொடுக்க முடியாது. இன்னொரு பிள்ளையால்தான் காட்ட முடியும்.

கை கொடுக்க முன்வரும் அன்பர்கள் ஞாயிறு வகுப்பு நேரத்தில் என்னை வந்து பாருங்கள். துக்கத்தைத் தாங்கி வெளியே வந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. தோளில் வைக்க அந்தக் கைகள்தான் நமக்கு முதலில் வேண்டும்.