பழம்பெரும் ராக் குழுக்களின் பூசலும் பேஸ் கிடார்க் கலைஞரும்

மேலைநாட்டு இசையில் ஆர்வமுள்ள மாணவர் ஒருவரிடம் புகழ்பெற்ற ராக் குழு ஒன்றின் உறுப்பினர் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். பாடகரின் பெயர் உடனே வரும். அடுத்து முதன்மைக் கிடார் வாசிப்பவர். சற்று யோசித்தபின் டிரம்ஸ் வாசிப்பவர். நான்காமவர் பெயர் பெரும்பாலும் வருவதேயில்லை. அந்த நான்காமவரே பேஸ் கிடார் வாசிப்பவர். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில், விளக்கொளி குறைவாக விழும் இடத்தில், அதிகம் அசையாமல் நிற்பவர்.

அரை நூற்றாண்டைக் கடந்த ராக் குழுக்கள் பல, பெயருக்கும் பணத்துக்கும் வழக்காடிப் பிரிந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதுவோர் பாடகரை ஒரு கட்சியாகவும் கிடார்க் கலைஞரை மறு கட்சியாகவும் நிறுத்திக் கதையை முடித்துவிடுகின்றனர். அப்பூசல்களில் பேஸ் கலைஞர் எப்பக்கம் நின்றார், அவர் கையில் என்ன இருந்தது, முடிவில் அவருக்கு என்ன கிடைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியின் இயல்பு

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியே மின்சார பேஸ் கிடாரைப் பரவச் செய்தது. அதற்கு முன் நடனக் குழுக்களிலும் ஜாஸ் குழுக்களிலும் ஆள் உயரமுள்ள டபுள் பேஸ் என்னும் கருவியே இவ்வேலையைச் செய்தது. பேஸ் கிடாருக்கு நான்கு தந்திகள். சாதாரணக் கிடாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே அவை ஒலிக்கும். கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது என்றால், பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 முறையே அதிர்கிறது.

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் சிறிய ஒலிபெருக்கி இவ்வளவு தாழ்ந்த அதிர்வை வெளியிடும் ஆற்றல் உடையதன்று. ஆயினும் நம் செவி, மேலெழும் துணைச் சுரங்களைக் கொண்டு அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இது இயற்பியல் மாணவர் அறிந்த செய்தி. பேஸ் கலைஞர் கவனிக்கப்படாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அவர் இல்லாவிடில் தெரியும், இருக்கும்போது தெரிவதில்லை.

அவர் செய்யும் வேலை யாது? டிரம்ஸ் தாளத்தைத் தருகிறது. கிடார் சுரங்களைத் தருகிறது. இரண்டையும் பிணைப்பது பேஸ். ஓர் எடுத்துக்காட்டு: கிடார் ஸ, க, ப என்னும் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கட்டும். அடியில் பேஸ் 'ஸ' வாசித்தால் நிறைவும் மகிழ்ச்சியும் தோன்றும். அதே மூன்று சுரங்களுக்கு அடியில் பேஸ் 'த' வாசித்தால் சோகச் சாயல் படிந்துவிடும். கிடார் வாசிப்பவர் விரலை அசைக்கவே இல்லை. பாட்டின் முகம் மட்டும் மாறிவிட்டது. இளையராஜாவின் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. அப்பாடல்களை முணுமுணுக்கும்போது அடியில் ஓடும் பேஸ் நடையையும் சேர்த்தே முணுமுணுக்கிறோம். வாசித்தவர் பெயரைத்தான் கேட்பதில்லை.

பங்கு பிரியும் இடம்

ஓர் இசைத்தட்டு விற்றால் வரும் பணம் இரு வாய்க்கால்களில் ஓடுகிறது. ஒன்று பாடலை இயற்றியவர்க்கு, மற்றொன்று வாசித்தவர்க்கு. முதல் வாய்க்கால் வற்றாதது. வானொலியில் ஒலிக்கும்போதும், பிறர் அதே பாட்டைப் பாடும்போதும் பணம் வரும். சொல்லையும் மெட்டையும் அமைத்தவரே 'இயற்றியவர்' எனக் கொள்ளப்படுகிறார். பேஸ் கலைஞர் தாமே சிந்தித்து அமைத்த நடை, பாட்டுக்கு எவ்வளவு அடையாளம் தந்தாலும், பெரும்பாலும் 'வாசிப்பு' என்ற கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

லூ ரீட் 1972-இல் வெளியிட்ட 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பாட்டை நினைவுகூர்வோர்க்கு முதலில் நினைவு வருவது அதன் வழுக்கிச் செல்லும் பேஸ் நடையே. டபுள் பேஸ், பேஸ் கிடார் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்து அதனை உருவாக்கியவர் ஹெர்பி ஃபிளவர்ஸ். அவர் பெற்றது ஒலிப்பதிவுக் கூலி மட்டுமே. மறுபுறம், புரோகால் ஹாரம் குழுவின் 1967-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றில் ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர், தாம் அமைத்த ஆர்கன் இசைக்காக வழக்காடி, 2009-இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை நீதிபதிகளிடம் வெற்றி பெற்றார். பாட்டின் இசையில் 40 விழுக்காடு அவருக்குரியது என்பது உறுதியாயிற்று. வாசித்தவரும் இயற்றியவராகலாம் என்பதற்கு இத்தீர்ப்பு சான்று. ஆனால் அதற்கு 40 ஆண்டுகள் ஆயின என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் 1962 இறுதி முதல் 30 ஆண்டுகள் பேஸ் வாசித்த பில் வைமனுக்கு, அக்குழுவின் ஸ்டூடியோ ஆல்பங்களில் தனித்து இயற்றியவராகப் பெயர் கிடைத்தது 1967-இல் வந்த ஒரே ஒரு பாட்டுக்குத்தான். 'ஜம்ப்பின் ஜாக் ஃபிளாஷ்' பாட்டின் தொடக்க நடை தம்முடையது என அவர் தம் நூலில் எழுதியிருக்கிறார். இசைத்தட்டிலோ ஜாகர், ரிச்சர்ட்ஸ் என்னும் இரு பெயர்களே உள்ளன.

பெயரைக் கையில் வைத்திருந்தவர்

பேஸ் கலைஞர் என்றால் ஒதுங்கி நிற்கும் அப்பாவி என்று எண்ணிவிடுதல் கூடாது. 'யெஸ்' குழுவின் வரலாறு இதற்கு நல்ல மறுப்பு. இவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

பாடகர் ஜான் ஆண்டர்சனும் பேஸ் கலைஞர் கிறிஸ் ஸ்குயரும் 1968-இல் லண்டனில் தொடங்கிய குழு இது. ஸ்குயர் சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடிப் பழகியவர். அவர் வாசித்த ரிக்கன்பேக்கர் கருவியின் ஒலி தடித்து உருளாமல் கணீரென்று வெட்டும். 1971-இல் வந்த 'ரவுண்டபவுட்' பாட்டைக் கேட்டால், பேஸ் அடியில் கிடக்காமல் கிடாரோடு சரிக்குச் சரி வாதாடுவதை உணரலாம்.

உறுப்பினர் வருவதும் போவதும் இக்குழுவில் வழக்கம். 1988-இல் ஆண்டர்சன் விலகி, குழுவின் பொற்காலத்தில் உடனிருந்த டிரம்ஸ் கலைஞர் புரூஃபோர்டு, கீபோர்டு கலைஞர் வேக்மன், கிடார்க் கலைஞர் ஹவ் ஆகிய மூவரையும் சேர்த்துக்கொண்டார். பொற்காலத்து ஐவரில் நால்வர் ஓரணியில். மற்றோர் அணியில் ஸ்குயரும் பின்னாளில் வந்தோரும். ஆயினும் 'யெஸ்' என்ற பெயர் ஸ்குயரின் அணியிடமே இருந்தது. வழக்கும் எழுந்தது. நால்வரும் 1989-இல் தம் ஆல்பத்தை, வழக்கறிஞர் அலுவலகத்துப் பெயர்ப்பலகை போல, ஆண்டர்சன் புரூஃபோர்டு வேக்மன் ஹவ் என்று நான்கு பெயர்களையும் வரிசையாக எழுதியே வெளியிட வேண்டியதாயிற்று. பேஸ் வாசிக்க டோனி லெவின் என்னும் அமெரிக்கரை அமர்த்தினர். லெவின் மிகச் சிறந்த கலைஞர். அவரிடம் குறை காண இடமில்லை. எனினும் அந்த ஆல்பத்தை 1970-களின் யெஸ் ஆல்பங்களோடு அடுத்தடுத்துக் கேட்போர்க்கு நால்வர் அங்கே இருந்தும் ஏதோ ஒன்று இல்லை என்பது தெரியும்.

1991-இல் இரு அணிகளும் 'யூனியன்' என்ற ஆல்பத்துக்காகச் சேர்ந்து, எட்டுப் பேராக மேடையேறினர். அந்த மேடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். கிடார் வாசிக்க இருவர், ஹவ், ராபின். கீபோர்டுக்கு இருவர், வேக்மன், டோனி கே. டிரம்ஸுக்கு இருவர், புரூஃபோர்டு, ஆலன் ஒயிட். பாடகர் ஒருவர். பேஸ் வாசிக்க ஒருவரே. மற்றக் கருவிகளுக்கெல்லாம் போட்டியாள் இருந்தார், ஸ்குயருக்கு இல்லை.

இதனால் ஸ்குயர் செய்தவை அனைத்தும் நியாயம் என்று கூற என் மனம் ஒப்பவில்லை. 2008-இல் ஆண்டர்சன் நோயுற்றபோது, யெஸ் பாடல்களையே பாடிவந்த வேறொரு குழுவின் பாடகரைக் கொண்டுவந்து பயணம் தொடர்ந்தது. குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவர் படுக்கையில் இருக்க மற்றவர் புறப்பட்டுவிட்டார் என்று இரசிகர் பலர் வருந்தினர். பெயரைக் காப்பவர் சில வேளை ஆளைக் காப்பதில்லை.

ஸ்குயர் 2015 ஜூன் 27 அன்று மறைந்தார். அதுவரை வெளிவந்த யெஸ் ஸ்டூடியோ ஆல்பங்கள் அனைத்திலும் இடம்பெற்றவர் அவர் ஒருவரே. (தி ஹூ குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் மறைந்ததும் ஒரு ஜூன் 27-தான், 2002-இல்.) 2017-இல் ராக் இசைப் புகழ்மன்றத்தில் யெஸ் குழு சேர்க்கப்பட்டபோது, தனித்தனி அணிகளாகப் பிரிந்திருந்தோர் ஒரே மேடையில் நின்றனர். 'ரவுண்டபவுட்' வாசிக்க ஸ்குயரின் இடத்தில் நிற்க வேண்டியவர் யார்? கனடா நாட்டு ரஷ் குழுவின் கெடி லீ அழைக்கப்பட்டார். அடுத்த பாட்டுக்கு, கிடார்க் கலைஞராகவே உலகம் அறிந்த ஸ்டீவ் ஹவ் தம் கிடாரை வைத்துவிட்டு பேஸை எடுத்துக்கொண்டார்.

பொறுத்தவரும் பொறுக்காதவரும்

ஃபிளீட்வுட் மேக் குழுவின் பெயரில் உள்ள 'மேக்' பேஸ் கலைஞர் ஜான் மெக்வீயைக் குறிக்கும். 1967-இல் குழு தொடங்கியபோது அவர் வேறு குழுவில் இருந்தார். அவரை இழுக்கவே பீட்டர் கிரீன் அவர் பெயரைச் சேர்த்தார். சில வாரங்களில் அவரும் வந்துவிட்டார். பின்னர் 1974-இல் மேலாளர் ஒருவர் பெயர் தமக்கே உரியது என்று கூறி வேறு ஆட்களை அப்பெயரில் மேடையேற்ற, அதுவும் நீதிமன்றம் சென்றது. 1977-இல் வந்த 'ரூமர்ஸ்' உருவானபோது மெக்வீக்கும் அதே குழுவின் கீபோர்டு கலைஞரான கிறிஸ்டீனுக்கும் மணவாழ்வு முறிந்திருந்தது. பிரிந்த மனைவி பாட, பின்னால் நின்று பேஸ் வாசித்தார் அவர். அந்த ஆல்பத்தில் ஐவரும் சேர்ந்து இயற்றியதாகப் பெயர் பெற்ற ஒரே பாட்டு 'தி செயின்'. அதன் நடுவே எல்லாம் அடங்கிப்போக, பேஸ் மட்டும் தனித்து எழும்பும் இடம் ஒன்று உண்டு. பிபிசி தன் கார்ப் பந்தய ஒளிபரப்புக்கு முகப்பிசையாக எடுத்துக்கொண்டது அவ்விடத்தைத்தான். கிடார்க் கலைஞர் பக்கிங்ஹாம் 2018-இல் நீக்கப்பட்டு வழக்குத் தொடுத்தபோதும் மெக்வீ தம் இடத்திலேயே இருந்தார்.

பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ் இதற்கு நேர்மாறு. பேஸ் கலைஞரான அவரே பாடலாசிரியர். அவரே பூசலின் ஒரு கட்சி. 1985-இல் விலகிய அவர், தாம் இல்லாத குழு அப்பெயரைப் பயன்படுத்தலாகாது என 1986-இல் நீதிமன்றம் சென்றார். 1987 இறுதியில் சமரசம் ஏற்பட்டுப் பெயர் கில்மர், மேசன் வசமாயிற்று. அவ்வாண்டு அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் யார் தெரியுமா? அதே டோனி லெவின்! இரண்டு பெரும் பூசல்களிலும் காலியான இடத்தை நிரப்பிய பெருமை அவருடையது. வாட்டர்ஸுக்குப் பதிலாள் கிடைத்தது பேஸுக்குத்தான். அவருடைய சொல்லுக்குக் கிடைத்ததா என்பதை இரசிகர்கள் இன்றும் விவாதிக்கின்றனர்.

நீக்கப்பட்டோர்

"பேஸ் வாசிக்க வேறொருவரைப் பிடித்தால் போயிற்று" என்பாருண்டு. அவர்கள் பக்கமும் சான்று உள்ளது. என்ட்விசில் மறைந்த சில நாள்களிலேயே பினோ பலடினோ என்பவரைக் கொண்டு தி ஹூ குழு பயணத்தைத் தொடங்கிவிட்டது. ஜர்னி குழுவில் ராஸ் வலரியின் கதை இன்னும் விசித்திரம். 1973-இல் குழுவைத் தொடங்கியோரில் ஒருவரான அவர், 1980-களின் நடுவில் டிரம்ஸ் கலைஞர் ஸ்டீவ் ஸ்மித்துடன் நீக்கப்பட்டார். ராண்டி ஜாக்சன் பேஸ் வாசித்தார். பின்னர் இருவரும் திரும்பினர். 2020-இல் குழுவின் நிறுவனத்தைக் கைப்பற்ற முயன்றனர் என்ற குற்றச்சாட்டில் அதே இருவரும் மீண்டும் நீக்கப்பட்டு, மீண்டும் அதே ஜாக்சன் அழைக்கப்பட்டார். வழக்கு 2021-இல் சமரசமாயிற்று. ஆனால் அடுத்த ஆண்டே எஞ்சியிருந்த ஷானும் கேனும் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடினர். பேஸ் கலைஞரை நீக்கியதால் பூசல் நீங்கிவிடவில்லை.

வான் ஹேலன் குழுவின் மைக்கேல் ஆண்டனியை எண்ணும்போது வருத்தமே மேலிடுகிறது. 1974 முதல் பேஸ் வாசித்ததோடு, அக்குழுவின் பாடல்களில் உச்ச ஸ்தாயியில் எழும் பின்குரலும் அவருடையதே. 2006-இல் அவருக்குப் பதிலாகக் கிடார்க் கலைஞர் எட்டி தம் 15 வயது மகனை நிறுத்தினார். மகன் திறமையானவர் என்பதில் ஐயமில்லை. பின்னாளில் தனிப்பெயரும் பெற்றார். ஆனால் குழுவின் இணையத்தளத்தில் 1978-ஆம் ஆண்டு ஆல்பத்தின் அட்டைப் படத்திலிருந்தே ஆண்டனியின் உருவத்தை நீக்கி, அப்போது பிறந்தேயிராத மகனின் உருவத்தை ஒட்டியதை எவ்வாறு ஏற்பது? கண்டனம் எழுந்தபின் பழைய படம் திரும்பியது. 2007-இல் புகழ்மன்ற விழாவில் வான் ஹேலனுக்குரிய சிறப்பைப் பெற்றுக்கொள்ள வந்தவர்கள் இருவர் மட்டுமே: முன்னாள் பாடகர் சாமி ஹேகர், மற்றவர் மைக்கேல் ஆண்டனி.

மீண்டும் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கு வருவோம். வைமன் 1993-இல் விலகியபின், முன்பு மைல்ஸ் டேவிஸுடன் வாசித்த டாரில் ஜோன்ஸ் அவ்விடத்துக்கு வந்தார். 1994 முதல் 2024 வரை அக்குழு மேற்கொண்ட பயணங்களில் அவரே பேஸ் வாசித்தார். வைமன் இருந்த 30 ஆண்டுகளுக்கு இணையான காலம் அது. எனினும் குழுவின் முறையான உறுப்பினராக அவர் சேர்க்கப்படவில்லை. 2023-இல் வந்த 'ஹேக்னி டயமண்ட்ஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு மட்டும் பழைய வைமனை அழைத்தனர். 2021-இல் மறைந்த சார்லி வாட்ஸ் அதற்கு முன்பே பதிவு செய்துவைத்திருந்த டிரம்ஸுக்கு, 86 வயதில் அவர் பேஸ் வாசித்துக் கொடுத்தார்.