நாவலும் நாடகமும்: இந்திரா பார்த்தசாரதி

நுழையும்முன்

கதை சொல்லும் கலை ஒன்றாயினும் நாவலாசிரியர் செல்லும் வழி வேறு. நாடக ஆசிரியர் செல்லும் வழி வேறு. இரண்டிலும் தேர்ந்தவர் உலக இலக்கியத்திலேயே சிலர்தாம். புனைகதைக்கும் நாடகத்திற்கும் புலிட்சர் பரிசுகள் பெற்ற அமெரிக்கப் படைப்பாளர் தார்ன்டன் வைல்டர் அவர்களுள் ஒருவர். தமிழில் அத்தகு பெருமைக்குரியவர் இந்திரா பார்த்தசாரதி.

வாழ்வும் கல்வியும்

பார்த்தசாரதி 1930ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளியில் இவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் எழுத்தாளர் தி. ஜானகிராமன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற இவர், வைணவம் குறித்து ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தார். போலந்து நாட்டின் வார்சா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகப் பள்ளியை வழிநடத்தினார். தம் மனைவியின் பெயரைத் தம் பெயரின் முன் சேர்த்து, ‘இந்திரா பார்த்தசாரதி’ என்னும் புனைபெயர் கொண்டார்.

காவிரிக் கரையின் வேளாண் சமூகத்தையும் தலைநகரின் அதிகார உலகையும் ஒருங்கே அறிந்தமை இவரது எழுத்துக்கு அடித்தளமாயிற்று. ‘தந்திர பூமி’, ‘சுதந்திர பூமி’ ஆகிய நாவல்கள் தில்லி அரசியலின் சூழ்ச்சிகளை எள்ளலோடு காட்டுகின்றன. போலந்து வாழ்வின் பயனாக ‘ஏசுவின் தோழர்கள்’ என்னும் நாவல் பிறந்தது.

வெண்மணித் தீயும் குருதிப்புனலும்

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்த்தஞ்சையின் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய ஒடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தோருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். இக்கொடுமையைப் பின்புலமாகக் கொண்டு எழுந்ததே ‘குருதிப்புனல்’. தில்லியிலிருந்து வரும் கோபால், சிவா என்னும் கற்றறிந்த இருவரின் பார்வையில் கதை விரிகிறது. அநீதியை அறிவால் உணர்ந்தவர், அதனை எதிர்த்து நிற்கும் வேளையில் என்ன செய்வர் என்பதே நாவல் எழுப்பும் வினா.

இந்நாவல் 1977ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. எனினும், நிலக்கிழாரின் கொடுமைக்கு அவரது தனிப்பட்ட மனக்குறையையும் ஒரு காரணமாகக் காட்டியது, கூலிப் போராட்டத்தின் உண்மையான காரணத்தை மங்கச் செய்கிறது எனத் திறனாய்வாளர் சிலர் மறுத்துரைத்தனர். ஒரு சமூகக் கொடுமைக்கு வேர் தனிமனித மனமா, சமூக அமைப்பா? மாணவர்கள் நாவலைப் படித்துத் தாமே தெளிய வேண்டிய வினா இது.

மேடையில் வரலாறு

தமிழ் மேடையில் துணுக்குகளும் குடும்பக் கதைகளும் மிகுந்திருந்த காலத்தில், ‘மழை’ என்னும் நாடகத்தின்வழி மனித உள்ளத்தின் சிக்கல்களை இவர் மேடையேற்றினார். தொடர்ந்து வரலாற்றையும் தொன்மத்தையும் இன்றைய கண்கொண்டு நோக்கினார். ‘ஔரங்கசீப்’ அரியணைப் போட்டியின்வழி, பன்மையை ஏற்காத ஆட்சியின் விளைவை ஆராய்கிறது. ‘நந்தன் கதை’யில் நந்தன் தீயில் இறங்குவது தெய்வ அற்புதம் அன்று, ஆதிக்கச் சாதியினர் கூடிச் செய்த சதி. வெண்மணித் தீயை எழுதிய கை, பழங்கதையின் தீயிலும் அதே அநீதியைக் கண்டது. ‘இராமானுசர்’ நாடகம், சமயத்திற்குள்ளிருந்தே சமத்துவத்திற்குக் குரல் கொடுத்தவரை முன்னிறுத்தி, 1999ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் விருதை ஈட்டித் தந்தது.

இரு வடிவங்களின் இயல்பு

ஒரு சான்று காண்போம். போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் மலையேறும் ஒரு தாயைக் கருதுக. நாவலாசிரியர் அவள் நெஞ்சில் ஓடும் கடன் கணக்கையும், வீட்டில் உறங்கும் மகளைப் பற்றிய கவலையையும், மலைவளைவுகளில் கவியும் பனியையும் பக்கம் பக்கமாக எழுதலாம். நாடக ஆசிரியருக்கு அவ்வுரிமை இல்லை. கூலி குறைந்த நாளில் கங்காணியிடம் அவள் பேசும் இரண்டு சொற்களிலும், பேசாது நிற்கும் ஒரு நொடியிலும் அவ்வளவும் வெளிப்பட வேண்டும். இந்திரா பார்த்தசாரதியின் நாவல்களில் வருணனை குறைந்து உரையாடல் மேலோங்கி நிற்பது, அவருள் இருந்த நாடக ஆசிரியரின் தாக்கமே எனலாம்.

தெரியுமா?

இவரது ‘உச்சி வெயில்’ என்னும் குறுநாவலைத் தழுவிக் கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய ‘மறுபக்கம்’, சிறந்த படத்திற்கான தேசிய விருதைப் பெற்ற முதல் தமிழ்த் திரைப்படம் ஆகும். இந்திரா பார்த்தசாரதி சங்கீத நாடக அகாதெமி விருதும் (2004), பத்மஸ்ரீ விருதும் (2010) பெற்றவர்.

கற்பவை கற்றபின்

1. உம் ஊர் உழைப்பாளர் ஒருவரின் ஒரு நாள் வாழ்வை ஒரு பக்கக் கதையாக எழுதுக. அதனையே வருணனை இன்றி, உரையாடல் மட்டும் அமைந்த நாடகக் காட்சியாக மாற்றுக.
2. “கொடுமையை எழுதுவதால் மட்டும் கொடுமை ஒழியுமா?” என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.