மாசியில் யார் வருவார்?

போன தீபாவளிக்கு நம் கிளைப் பிள்ளைகள் முறுக்கு விற்றுச் சேர்த்த பணம் 1,850 வெள்ளி. அந்தப் பணத்தில் நாய்த் தீனி மூட்டைகளும் அரிசியும் வாங்கி, இரண்டு காரில் ஏற்றிக்கொண்டு ஜோகூரில் இருக்கும் ஒரு காப்பகத்துக்குப் போனோம். குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சினோம். படம் பிடித்தோம். கிளம்பும் நேரத்தில், அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, தீபாவளிக்கு எல்லாரும் வர்றாங்க. மாசியில யாரு வருவா?”

என்னிடம் பதில் இல்லை. இந்த மாதப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தை விற்று, வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது எனக்குப் 11 வயது. லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடியில் நாலாவது மாடிக்குப் போனோம். அங்கே நாய்க்கு இடமில்லை. எங்கள் கறுப்பன் லாரிக்குப் பின்னாலேயே தோட்டத்துக் கோயில் வரைக்கும் ஓடி வந்தான். “தோட்டத்துல பொழச்சுக்கும், அழாத” என்றார் தாத்தா. பிழைத்தானா என்று நாங்கள் யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. ஜோகூரில் எத்தனை தோட்டங்கள் தாமான்களாக மாறியிருக்கின்றன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இன்று கடை வரிசைக்குப் பின்னால் குப்பைத் தொட்டியைக் கிளறும் நாய்களில் சில, அப்படி விட்டுவந்த நாய்களின் பேரக்குட்டிகளாக இருக்கலாம். ‘யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க’ என்று நாம் சொல்லும் அந்த யாரோவில் நானும் ஒருவன்.

சரி, அக்காவின் கேள்விக்கு வருவோம். அவர் தன் கணக்கு நோட்டைக் காட்டினார். தீனி மூட்டை அடுக்கி வைத்திருக்கிறது. கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் தீனிதான் கொண்டு வருகிறார்கள். ஆனால் மருத்துவர் பாக்கி, தண்ணீர் பில், வேலையாள் சம்பளம் ஆகியவற்றை யாரும் மூட்டை கட்டிக் கொண்டு வருவதில்லை. தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வோ என்ற வைரஸ் குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி போட வேண்டும். பிறகு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய 16 வாரம் வரை தொடர வேண்டும். தீபாவளிப் பணத்தில் முதல் ஊசி போட்டாச்சு; அடுத்த மாதம் பணம் இல்லை. அப்போது அந்த முதல் ஊசியை நம்பிக் குட்டியைக் கூட்டத்தோடு விட முடியுமா? முடியாது. மொத்தமாக வந்து நின்றுபோகும் பணத்தில் இந்த வேலை நடக்காது.

கருத்தடையும் அப்படித்தான். பெட்டை நாயின் கர்ப்பம் சுமார் 63 நாள்தான். வருஷத்துக்கு இரண்டு முறைகூடக் குட்டி போடும். சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், நாயைப் பிடித்துக் கொல்வதால் தெருநாய் குறையாது, கருத்தடைதான் வழி என்று 1964 முதல் சொல்லி வந்தது. மாநகராட்சி அதை ஏற்றது 1996-இல். அதாவது 32 வருஷம் ஒரே வேலையை விடாமல் செய்திருக்கிறார்கள்!

நம் ஜோகூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்குள்ள காப்பகங்கள் சிலவற்றுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் கை நீண்டிருக்கிறது. சிங்கப்பூர்க்காரரான ரேமண்ட் வீ ஜோகூரில் அமைத்த நோவாஸ் ஆர்க் சரணாலயத்தில் நூற்றுக்கணக்கான நாய்களும் பூனைகளும் கூண்டில்லாமல் திரிகின்றன. 18 மார்ச் 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, எல்லை மூடியது. தரைவழி தாராளமாகத் திறந்தது 1 ஏப்ரல் 2022-இல்தான். இரண்டு வருஷம், வழக்கமாக வந்து போனவர்கள் வர முடியவில்லை. நாய்க்குப் பசி மட்டும் தினமும் வந்தது. பக்கத்துத் தாமானில் இருக்கும் நாம் அப்போது எங்கே இருந்தோம்?

‘மனுசனுக்கே வழியில்ல, நாய்க்கு என்ன வசூல்?’ என்று கிளைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான், கோபப்படாதீர்கள். டியூஷன் நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்க மாட்டோம் என்று அன்றே முடிவெடுத்தோம்.

அவருக்கு நான் வள்ளலாரைத்தான் சொன்னேன். 1867-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார் அவர். ஊர் மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்த மனிதருக்கு மூட்டிய அடுப்புதான். ஆனால் ஜீவகாருண்யம் என்று அவர் சொன்னபோது எல்லா உயிரின் பசியையும் சேர்த்தே சொன்னார். எனக்கு இதில் பிடித்தது அந்த அடுப்புதான். விசேஷத்துக்கு மட்டும் எரிகிற அடுப்பில்லை அது. நாமோ வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு, வெளியே வந்து நாயைக் கல்லால் விரட்டுகிற ஆட்கள்!

இனி நாம் செய்தது. முறுக்கு விற்பனை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது நடக்கட்டும். அதோடு, மாதம் 10 வெள்ளி தரச் சம்மதித்து 30 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பணம் நேராகக் காப்பகத்தின் வங்கிக் கணக்குக்குப் போகும். தனி ஆள் கணக்குக்குப் போகாது. கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம் கேட்டோம்: சங்கப் பதிவு உண்டா, வருடக் கணக்கைக் காட்டுவார்களா, வருமான வரிச் சட்டம் 44(6)-இன் கீழ் அனுமதி உண்டா. கடைசியது இருந்தால்தான் சம்பளக்காரர்களுக்கு வரிக்கழிவு கிடைக்கும். இன்னொன்று, உண்டியலைத் தூக்கிக்கொண்டு பாசார் மாலாமில் நிற்காதீர்கள். வீடு வீடாகவும் தெருவிலும் பணம் திரட்ட 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். நல்ல காரியம் என்றால் சட்டம் விட்டுவிடாது.

மாசி வந்தது. 30 பேரில் 23 பேர் கட்டியிருந்தார்கள், 230 வெள்ளி. கட்டாத ஏழு பேரில் ஒருவன் என் சொந்தத் தம்பி. மருத்துவர் பாக்கியில் ஒரு பகுதியை அடைத்த ரசீதை அக்கா படம் எடுத்து அனுப்பினார். கீழே ஒரே வரி: “பங்குனி?”

அடுத்த வகுப்புக்கு வரும்போது, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பகத்தில் மருத்துவர் பாக்கி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். தீனி மூட்டை எத்தனை என்று நான் கேட்க மாட்டேன்.