கீறல்களே சான்று

நுழையும்முன்

திரையில் சில நொடிகள் தோன்றி மறையும் ஒரு பொருளைத் தேடி வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிடுவோர் உண்டு. கிடைத்த பொருள் மெய்யாகவே திரையில் தோன்றியதுதானா என்பதை அவர்கள் எவ்வாறு அறிகின்றனர்?

படப்பிடிப்பு முடிந்தவுடன் அதற்கெனச் சேர்த்த வாள், துப்பாக்கி, ஆடை, வண்டி ஆகியவற்றின் வேலையும் முடிந்துவிடுகிறது. திரைத்துறையினர் 'பிராப்பர்ட்டி' என்று அழைக்கும் இவ்வரங்கப்பொருள்களைக் காத்துவைக்க வேண்டும் என்று படநிறுவனங்கள் முன்னாளில் எண்ணவில்லை. வாடகைக்கு வந்தவை திரும்பின. சில அடுத்த படத்திற்காக உருமாறின. எஞ்சியவை குப்பையில் சேர்ந்தன. ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனக் கிடங்குகளில் பல்லாண்டுகளாகக் குவிந்திருந்தவை 1970ஆம் ஆண்டு ஏலத்தில் சிதறின.

சண்டைப் படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அண்மைக் காட்சிக்காக நுட்பமாகச் செய்த துப்பாக்கி ஒன்று. சண்டைக் கலைஞர் ஏந்தி உருள்வதற்காக இரப்பரில் வார்த்தது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. ஆகவே சேகரிப்பாளர் படத்தின் ஒவ்வொரு சட்டகத்தையும் நிறுத்தி, மரப்பிடியின் இழையோட்டத்தையும் கீறலையும் வண்ணக் கசிவையும் கையிலுள்ள பொருளோடு ஒப்பிடுகிறார். பொருள் கைமாறி வந்த வழியைக் காட்டும் கடிதங்களும் பற்றுச்சீட்டுகளும் அவருக்குத் துணையாகின்றன.

பொருளின் விலைக்கும் அதன் ஆற்றலுக்கும் தொடர்பில்லை. 1963இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படத்தின் விளம்பரத்திற்காக நடிகர் ஷான் கானரியைப் படமெடுக்க ஏற்பாடாயிற்று. பாண்டுக்குரிய வால்தர் கைத்துப்பாக்கியைக் கொண்டுவர மறந்துவிட்டனர். ஒளிப்படக் கலைஞர் டேவிட் ஹர்ன், பொழுதுபோக்காகத் தாம் இலக்குச் சுடுவதற்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். நீண்ட குழலுடைய அத்துப்பாக்கியே சுவரொட்டிகளில் பாண்டின் அடையாளமாயிற்று! 2010இல் இலண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 2,77,250 பவுண்டுக்கு விலைபோனது.

இவற்றினும் வியப்பானது ஒரு காரின் வரலாறு. 1968இல் வெளியான 'புல்லிட்' என்னும் படத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரின் மேட்டுச் சாலைகளில் நிகழும் கார்த்துரத்தல் ஏறத்தாழப் பத்து மணித்துளிகள் நீள்கிறது. நாயகன் ஸ்டீவ் மக்குவீன் ஓட்டும் கரும்பச்சை ஃபோர்டு மஸ்டாங்கிற்காக ஒரே தோற்றமுடைய இரு கார்கள் பயன்பட்டன. பாய்ச்சல்களைத் தாங்கிய கார் நெடுநாள் காணாமற்போய், 2017இல் மெக்சிகோவில் சிதைந்த கூடாகக் கிடைத்தது. அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணே அதனை அடையாளம் காட்டியது.

மற்றொன்றை 1974இல் ஒரு குடும்பத்தலைவர் 6,000 டாலர் கொடுத்து வாங்கினார். அவருடைய மனைவி ஆசிரியர். அக்காரிலேயே பள்ளிக்குச் சென்று வந்தார். புகழ்பெற்ற கார் ஒன்று பள்ளி வாயிலில் நின்றதை எத்தனை மாணவர் அறிந்திருப்பர்? 1977இல் மக்குவீனே அக்காரைக் கேட்டுக் கடிதம் எழுதினார். குடும்பத்தார் தர இசையவில்லை. பின்னர்ப் பழுதுற்ற கார் ஓடாமல் நின்றது. பல்லாண்டுகள் அதன் இருப்பிடம் வெளியுலகிற்குத் தெரியாமல் இருந்தது.

தந்தை மறைந்தபின் மகன் அதனை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார், உடலைத் தொடவில்லை. புதுவண்ணம் பூசியிருந்தால் கார் பளபளத்திருக்கும். ஆயினும் படப்பிடிப்புக் கருவிகளைப் பொருத்துவதற்காகச் செய்த மாற்றங்களும், ஓட்டத்தில் பட்ட வடுக்களும் மறைந்திருக்கும். பழுதுநீக்கும் ஆர்வத்தால் சான்றினை அழித்துவிட்ட சேகரிப்பாளர் பலர். ஏட்டுச்சுவடியில் செல்லரித்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பாமல் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியரின் நேர்மையை இம்மகனிடம் காணலாம்.

2018 சனவரியில் டெட்ராய்ட் மோட்டார் வாகனக் கண்காட்சியில் அக்கார் மக்கள்முன் வந்தது. ஈராண்டுகளுக்குப்பின் புளோரிடாவில் ஏலத்திற்கு வந்தபோது, கட்டணங்கள் உட்பட 37,40,000 டாலர் பெற்றது. மங்கிய வண்ணமும் துருவும் கீறல்களும் அன்றும் அவ்வாறே இருந்தன.