ஏரி பொழிந்த பனி

பனிப்பொழிவை நாம் படங்களில்தான் கண்டிருக்கிறோம். ஆனால் ஐப்பசி அடைமழையை நன்கு அறிவோம். வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலில் ஈரத்தை அள்ளிவந்து, நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் மழையாகப் பொழிகிறது. வட அமெரிக்காவின் ஏரிக்கரை ஊர்களில் கடலின் வேலையை ஏரியே செய்கிறது.

அங்குள்ள ஐம்பெரும் ஏரிகளுள் ஒன்று ஈரி. கோடையில் சூடேறிய அதன் நீர் மெதுவாகவே ஆறும். அந்த வெதுவெதுப்பான நீரின்மேல் கடுங்குளிர்காற்று வீசும்போது, நீராவியை ஏந்திக்கொண்டு மேலெழுகிறது; உயரத்தில் குளிர்ந்து மேகமாகி, காற்று போகும் பக்கத்துக் கரையில் பனியாகக் கொட்டுகிறது. சில மைல் தள்ளி வெயில் அடிப்பதும் உண்டு!

ஏரியின் கீழ்க்கோடியில் இருக்கிறது பஃபலோ நகரம். 2006 அக்டோபர் 12, 13 தேதிகளில் அங்கே சுமார் 57 செ.மீ. பனி விழுந்தது. மரங்கள் இன்னும் இலை உதிர்க்கவில்லை. இலைகளில் ஈரப்பனி தங்கவே, பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து மின்கம்பிகள்மேல் விழுந்தன. லட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. குளிர்காலத்தில் இலையற்ற மரங்கள் தாங்கும் பனியை, அன்று இலையுள்ள மரங்கள் தாங்கவில்லை.

அறுவடை நேரத்து மழையில் நம் ஊர்த் திராட்சை வெடித்து வீணாவதும் இப்படித்தான். பருவம் தவறினால் வரமும் பாரமாகும். வானிலை அறிவிப்பைக் கேட்டு, முன்கூட்டியே ஆயத்தமாவோம்.