கீழாநெல்லியைப் பற்றி ஒரு மாணவிக்கு



உன் கடிதம் கிடைத்தது. மூலிகைத் திருவிழாவுக்குப் போய்ப் பார்த்ததையும், மறுநாள் விடியற்காலையில் திருச்சி மன்னார்புரத்திலிருந்து உன் அம்மாவுடன் கே.கே. நகர் உழவர் சந்தைக்குச் சென்று கீரை வாங்கி வந்ததையும் விரிவாக எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு படித்துக்கொண்டு வந்த நான், கடைசியில் நீ கேட்டிருந்த கேள்வியில் வந்து நின்றுவிட்டேன். திருவிழாவில் உறையிலிட்டு விற்ற கீழாநெல்லிப் பொடி சுத்தமானது என்றும், சந்தையில் ஒரு பாட்டி வேர் மண்ணோடு கட்டி வைத்திருந்த செடியை வாங்க அருவருப்பாக இருந்தது என்றும் எழுதிவிட்டு, "எப்படியானாலும் மூலிகைதானே ஐயா, நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாதல்லவா?" என்று கேட்டிருக்கிறாய். இந்த அபிப்பிராயத்தைப் படித்த பெரியவர்களின் வாயிலிருந்தே நான் அடிக்கடி கேட்டு வருகிறேன்; கேட்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. நீயும் அதையே சொல்லுகிறாய் என்றவுடன், பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் அந்தப் பொடியை எடுத்துக்கொள்வோம். நீ வாங்கியது கீழாநெல்லிதான் என்பதற்கு அந்த உறையின்மேல் அச்சிட்ட எழுத்தைத் தவிர வேறு சாட்சியம் உன்னிடம் என்ன இருக்கிறது? இலைக்காம்பின் கீழே வரிசையாகக் காய் தொங்கும் சிறு செடிகள் நம் ஊரில் ஒன்றல்ல, பல உண்டு. பில்லாந்தஸ் அமாரஸ் என்பது ஒன்று; கீழாநெல்லி என்று நாம் கொள்வது இதையே. பிரட்டெர்னஸ், டெபிலிஸ், யூரினாரியா என்பவை அதன் உறவினங்கள். நாம் மேலாநெல்லி என்று வழங்கும் மதராஸ்படென்சிஸும் அந்தக் குடும்பத்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹூக்கர் வெளியிட்ட இந்தியத் தாவர நூலில் இவற்றுட் சில ஒன்றாகக் கலந்து 'நிரூரி' என்ற ஒரே தலைப்பின் கீழ் இடம்பெற்றுவிட்டன. அதன்பின் வந்த மருந்து நூல்களெல்லாம் அந்தத் தலைப்பையே சிரத்தையாகப் பிரதி செய்துகொண்டு வந்தன. உண்மையான நிரூரியோ அமெரிக்க மண்ணுக்கு உரியது. வெப்ஸ்டர் என்ற அமெரிக்கத் தாவர சாஸ்திரி 1950களில் இக்குடும்பத்தைப் பிரித்து ஆராய்ந்த பின்னும், 1985-இல் மித்ரா, ஜெயின் என்ற நம் நாட்டு அறிஞர் இருவர், இந்திய நூல்கள் நிரூரி என்று சொல்லி வந்தது மூன்று வெவ்வேறு செடிகளை என்று எழுதிய பின்னும், இன்றளவும் பல உறைகளின்மேல் அந்தப் பழைய பெயரே அச்சாகி வருகிறது. நூறு ஆண்டுப் பிழை ஒன்று இத்தனை எளிதாக உயிர் வாழ்வதற்குக் காரணம், எழுதுகிறவர்கள் செடியைப் பார்க்காமல் நூலைப் பார்த்து எழுதுவதே என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தச் செடிகளை வேறுபடுத்துவது அவ்வளவு கடினமா என்றால், செடி உயிரோடு கையில் இருக்கும்வரை கடினமே இல்லை. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இலையின் கீழுள்ள பெண்பூவைப் பார். இதழ் ஐந்து என்றால் அமாரஸ், ஆறு என்றால் அதன் உறவினங்களில் ஒன்று. தண்டு சிவந்து, காய் காம்பின்றி ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் யூரினாரியா. இலைகள் கூட்டிலைபோல் இருபுறமும் ஒழுங்காக அமையாமல் தண்டைச் சுற்றி நின்றால் மேலாநெல்லி. பூவும் காயும் தண்டும் உள்ளவரை இவ்வளவும் பிரத்தியட்சம். உலர்த்தி இடித்துச் சலித்துவிட்டால் எல்லாம் ஒரே பச்சைப் பொடி. அப்போது மரபணுச் சோதனை போன்ற ஆய்வுக்கூடச் சோதனைதான் துணை. அப்படியே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் இருபத்தைந்து மருந்துக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லிச் சரக்கை ஆராய்ந்து 2010-இல் வெளியான கட்டுரை, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மாதிரிகளில் வேறு இனங்கள் இருந்தன என்று கூறுகிறது. கடைக்காரர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. பறித்தவருக்கும் விற்றவருக்கும் இடையில் பல கை மாறிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமற் போகிறது.

இனம் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று நீ கேட்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜனும், ஹெபடைடிஸ் 'பி' நச்சுயிரியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபெல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும், மற்றுஞ் சிலரும் சேர்ந்து 1988-இல் 'லான்செட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நச்சுயிரியைச் சுமந்தவர்களில் முப்பத்தேழு பேருக்கு அமாரஸ் செடியின் பொடியை முப்பது நாள் கொடுத்ததில் இருபத்திரண்டு பேருடைய இரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் பொடி பெற்ற இருபத்துமூவரில் ஒருவருக்கே மறைந்தது. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் 1990-இல் வெளியான தாய்லாந்துச் சோதனை அந்தப் பலனைத் தரவில்லை. பின்னர் வேறிடங்களிற் செய்தவையும் பெரும்பாலும் ஏமாற்றமே அளித்தன. காரணம் இன்னதென்று இன்றுவரை யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. செடி விளைந்த மண்ணும், பறித்த பருவமும், உலர்த்திய முறையும் வேறுபட்டதே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். இதை நிரூபிக்க என்னிடம் ஆதாரமில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அமாரஸ் என்று அறிந்து கொடுத்தபோதே பலன் இப்படி மாறுமானால், இனமே தெரியாத பொடியைப் பற்றி என்ன சொல்வது?

"தீமை செய்யாதல்லவா" என்றாயே, அதற்கு பெல்ஜிய நாட்டில் நடந்ததைக் கேள். 1990களின் தொடக்கத்தில் புருசெல்ஸ் நகரில் உடல் இளைக்கச் செய்யும் நிலையம் ஒன்றில் சீன மூலிகை மாத்திரைகள் கொடுத்தார்கள். அவற்றில் சேர வேண்டிய ஸ்டெபானியா என்னும் வேருக்குப் பதிலாக, சீனப் பெயரில் அதை ஒத்த அரிஸ்டலோக்கியா என்னும் வேர் கலந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்த நேர்ந்தது. சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் வந்தது. அந்த அரிஸ்டலோக்கியாவின் உடன்பிறப்பு நம் கரிசல் காட்டில் ஆடுதீண்டாப்பாளை என்ற பெயரில் படர்ந்து கிடக்கிறது. ஆடு தொடாத செடியை மனிதர் பொடியாக்கி வாங்கிக் குடிக்கிறார்கள்! இயற்கையில் விளைந்ததெல்லாம் சாதுவானது என்று நம்புகிறவர்கள், நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கைத் தின்றால் உயிர் போகும் என்பதையாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா? இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லுகிறேன். மஞ்சட்காமாலை என்று கண் மஞ்சளித்தவுடன் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவது மகா தவறு. பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அந்தக் கல்லை எந்த இலையும் கரைக்காது. முதலில் மருத்துவரிடம் போய் இரத்தம் சோதித்துக் காரணம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி அந்தப் பாட்டியின் மண்ணொட்டிய கட்டுக்கு வருகிறேன். உழவர் சந்தையில் கடை போட அடையாள அட்டை வேண்டும். விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது 1999 நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணாநகரில் முதற் சந்தை திறந்த நாள்முதல் உள்ள விதி. ஆகவே மணிகண்டத்திலிருந்தோ சோமரசம்பேட்டையிலிருந்தோ கூடையோடு பஸ் ஏறி வந்த ஒருவரை நேரில் பார்த்து, "இது எந்த வயல், பாட்டி? வரப்பில் பறித்ததா, வாய்க்கால் கரையா? மருந்து அடித்த நிலமா?" என்று கேட்க உனக்கு வாய்ப்பு இருக்கிறது. அந்தக் கேள்வி வீணானதன்று. உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் வெட்டியது. அதன் கரையில் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் செழித்து வளரும். ஆனால் நகரத்துக்குள் அதே வாய்க்காலில் கழிவுநீர் கலக்கிறது. அங்கே பறித்த கீரையும் ஊருக்கு வெளியே நல்ல வயலில் பறித்த கீரையும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். உறை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது, பாட்டி சொல்லுவாள். அவள் சொல்லுவதை அப்படியே நம்ப வேண்டும் என்பதில்லை. மறுவாரமும் அவளே அங்கே உட்கார்ந்திருப்பாள் என்பதுதான் முக்கியம். மேலும், மன்னார்புரத்தைச் சுற்றி வெறும் மனைகளாகக் கிடந்த இடங்களில் முன்பெல்லாம் மழை பெய்தால் கீழாநெல்லி தானாக முளைக்கும். ராணுவ நிலம் கிடைக்காமல் பல ஆண்டு அந்தரத்தில் நின்ற அரிஸ்டோ மேம்பாலத்தின் அப்பக்கத்துக் கையும் 2023-இல் தரையிறங்கிவிட்டது. பக்கத்து மனைகளெல்லாம் கட்டடமும் சிமெண்டுத் தரையுமாகிவிட்டன. நகரம் வளர்வதை நான் குறை கூறவில்லை. ஆனால் உன் வயதுப் பிள்ளைகள் அந்தச் செடியை உயிரோடு பார்க்கக்கூடிய இடம் இனிச் சந்தை ஒன்றுதான்.

செடியை அறிந்து பறித்து வருகிறவருக்கு ஒரு காலத்தில் இருந்த மரியாதையை நினைக்கும்போது எனக்குத் திருமுக்கூடல் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. பாலாற்றங்கரையில் உள்ள அந்தப் பெருமாள் கோயிற் சுவரில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்த நீண்ட சாசனம் அது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, ஒன்றைப் பற்றி அது கூறுகிறது. அதற்கு ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துக்கு வேண்டிய மூலிகைகளைக் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்க்கும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் ஊதியம் வகுத்திருக்கிறார்கள். ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதில் உண்டு. நான் அதைப் படிக்கும்போதெல்லாம் வைத்தியரைவிட அந்த இருவரிடமே என் மனம் போய் நிற்கிறது. அவர்கள் தவறான வேரைக் கொண்டுவந்தால் வைத்தியரின் சாஸ்திரம் முழுவதும் வீண். ஸ்ரீரங்கத்திலும் தன்வந்திரி சந்நிதியில் ஆரோக்கியசாலை ஒன்றைப் பற்றிய 1493-ஆம் ஆண்டுச் சாசனம் இருக்கிறது. நீ அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது அந்தச் சந்நிதியைப் பார்க்காமல் வராதே.

நீ போன திருவிழாவில் பொடியும் தைலமும் சோப்பும் விற்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒரு செடியையாவது தொட்டியில் வைத்திருந்ததாக எழுதவில்லை. அப்படியானால் அது கடைவீதி. திருவிழா என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய நெல் விதை இரண்டு கிலோ வாங்கிய உழவர், மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. வந்தவர் கையில் விதை போயிற்று. விதையோடு அதை வளர்க்கும் பொறுப்பும் போயிற்று. 2018-இல் அவர் மறைந்த பின்னும் அந்த நெல்லினங்கள் வயல்களில் நிற்கின்றன. மூலிகை விழா நடத்துகிறவர்கள் நாற்றும் விதையும் கொடுத்து, ஒவ்வொரு செடியின் அருகிலும் அதை அறிந்த ஒருவரை உட்கார வைத்தால் போதும்.

செடியை அறிந்துகொள்ள உன் ஊரிலேயே ஒரு பெரிய துணை இருக்கிறது. அதை நீ அறியாமலிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. தூய வளனார் கல்லூரியில் இருக்கும் ரேப்பினட் உலர்தாவரகம், மாத்யூ என்ற இயேசு சபைத் துறவி 1967-இல் நிறுவியது. அவர் ஆண்டுக்கணக்காகக் காடும் மேடும் அலைந்து சேகரித்த செடிகளைக் கொண்டுதான் தமிழகக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1980களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 2004-இல் அவர் விபத்தில் இறந்துபோனார். அவர் ஒட்டி வைத்த தாள்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய், அந்தப் பாட்டியிடமே வேரும் பூவும் காயும் உள்ள கீழாநெல்லி ஒரு கட்டு வாங்கு. பேரம் பேசாதே. எந்த ஊர், எந்த நிலம், எந்தத் தேதி என்பதைச் சிறு தாளில் எழுதி, செடியைச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்து. கல்லூரியில் அனுமதி கேட்டு அவர்களுடைய தாளோடு ஒப்பிட்டுப் பார். பெண்பூவின் இதழ் ஐந்தா ஆறா என்பதை மட்டும் எனக்கு எழுது. அதுவரை அந்த உறையைப் பிரிக்காதே.

இப்படிக்கு,
உன் ஆசிரியன்